சேத்துக்கழியின் வெளிமீன்கள்

சேத்துக்கழி என்ற உப்பங்கழியில் இருப்பது ஒரே ஒரு மீன்தான் என்று முனைவர் ஓவியா கண்டுபிடித்தார். அந்த ஒரே மீன் பல லட்சம் உடம்புகளில் நீந்திக்கொண்டிருக்கிறது என்பதே அவருடைய அறிக்கையின் சாரம். இதைக் கண்டுபிடித்தபோது அவர் சேத்துக்கழியிலிருந்து வெகுதூரத்தில், சென்னையில், மீன்வாடையே இல்லாத குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தார். மீன் ஆராய்ச்சியில் பதவி உயர உயர மீன் கண்ணில் படுவது குறைந்துகொண்டே வரும். ஓவியா ஓரளவு உயர்ந்த பதவியில் இருந்தார்.

அவர் மேசைக்கு வந்தவை மீன்கள் அல்ல. வால் துடுப்பிலிருந்து வெட்டிய நகக்கண் அளவுத் துண்டுகள். கழியைச் சுற்றியுள்ள எல்லாக் குப்பங்களுக்கும் களப் பணியாளர் ஜெகதீஷ் நேரில் போய், மடவை மீன்களின் வாலை நறுக்கி, குப்பிகளில் போட்டு அனுப்பியவை. ஒரு துண்டை மரபுமானிக்குள் வைத்தால் போதும். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் அந்த மீனின் மரபணுவை ஒரு கோலமாகத் திரையில் போட்டுக் காட்டிவிடும். கூடப் பிறந்த மீன்கள் என்றால் கோலங்கள் பாதி ஒத்துப்போகும். தூரத்து உறவென்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இழைகள். இரண்டு மீன்களுக்கு அச்சு அசலாக ஒரே கோலம் அமைவதில்லை. ஓவியாவுக்கு வந்த அத்தனை மடவைக்கும் ஒரே கோலம் விழுந்தது. மரபுமானி பழுதென்று நினைத்து வேறொன்றில் வைத்துப் பார்த்தார். அதுவும் அதே கோலத்தைப் போட்டது.

இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் அறிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு இயக்குநர் பிரணவின் அறைக்குப் போனார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா என்ன டாக்டர் கெட்டுப்போச்சு?" என்றார் இயக்குநர். "ஒழுங்கா இருக்குன்னு சந்தோஷப்படலாமே."

"சார், ஒரு ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரே சாவின்னு வைங்க. திருடன் ஒரு சாவி செஞ்சா போதும், மொத்த ஊரும் காலி. மீனும் அப்படித்தான். தினுசு தினுசா இருந்தா ஒரு நோய் வரும்போது கொஞ்சம் செத்துப்போகும், கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். பிழைச்சதுங்க முட்டை போட்டு மறுபடி கழியை நிரப்பிடும். இங்க எல்லாமே ஒண்ணு. ஒரு மீனைக் கொல்லத் தெரிஞ்ச நோய் கடைசி மீன் வரைக்கும் கொன்னுடும்."

"அப்போ ஆபத்துன்னு சொல்றீங்க."

"பேராபத்து சார்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. ஆபத்துக்கு இரங்கல்தான் கிடைக்கும், பேராபத்துக்குத் திட்டம் கிடைக்கும் என்பதை அறிந்தவர் அவர். "அந்த வார்த்தையை முதல் பக்கத்துலயே போடுங்க டாக்டர்," என்றார்.

மறு வாரமே அமைச்சர் கண்கலங்கினார். அவர் கண்கலங்குவதை எல்லாத் திரைகளும் காட்டின. 'மீன் பன்மை மீட்புத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. மிஞ்சியிருக்கும் அந்த ஒரே மீனையாவது காப்பாற்ற வேண்டுமென்று சேத்துக்கழியில் மீன்பிடிக்கக் காலவரையற்ற தடை வந்தது. கழியை நம்பியிருந்த குப்பங்களில் படகுகள் கரையேறிக் கவிழ்ந்து கிடந்தன. அங்கே போய் மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டிவிட்டு வரும்படி இயக்குநர் ஓவியாவை அனுப்பினார். சோறு இல்லாதவர்களுக்கு விழிப்புணர்வாவது கிடைக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

அப்படித்தான் ஓவியா வாழ்க்கையில் முதன்முறையாகச் சேத்துக்கழியைப் பார்த்தார். அலையாத்திக் காட்டை ஒட்டி நண்டுத்திட்டு என்ற குப்பம். அங்கே மீன் விற்கும் பெண்களுக்குத் தலைவி தர்ஷினி. தர்ஷினி, ஹர்ஷிதா, தன்ஷிகா என்றெல்லாம் பேர் வைக்கப்பட்ட தலைமுறைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. மூக்குத்தி மின்ன, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஏலத்தில் ஆண்களை விரட்டுகிற வயதில் இருந்தார்கள். தர்ஷினிக்குச் சொந்தமாக ஒரு படகு உண்டு. புருஷன் போன பிறகு அவரே கழிக்குள் வலை விட்டவர். ஓவியா பேசிய விழிப்புணர்வை முழுக்கக் கேட்டுவிட்டு, "சாப்புட்டுப் போங்க டாக்டரம்மா. வந்தவங்களப் பட்டினியா அனுப்புற பழக்கம் எங்க ஊருல கெடையாது" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

தட்டில் மடவைக் குழம்பும் வறுவலும் விழுந்தன. முதல் வாயிலேயே ஓவியா நிமிர்ந்தார். மீன் இப்படி ருசிக்கும் என்று அவருக்கு யாரும் அறிக்கை அனுப்பியதில்லை.

"ரேஷன் மீனா அக்கா?" என்று கேட்டார்.

மாதா மாதம் குடும்ப அட்டைக்கு மீன் கொடுக்கும் அன்ன மீன் திட்டம் வந்து பல வருஷமாகிறது. ஒரு நிறுவனம், கொழுத்த மடவை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் செல்லிலிருந்தே கோடிக்கணக்கில் அதே மீனைத் தொட்டியில் வளர்த்துக் கொடுத்தது. கொடுத்த நாளில் தின்றால் மீன்போலவும் மறுநாள் தின்றால் சோப்புப்போலவும் இருக்கும்.

தர்ஷினிக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்தக் கண்றாவிய விருந்தாளிக்குப் போடுவனா? இது கழி மீனு." சொல்லிவிட்டுத்தான் தடை ஞாபகம் வந்தது. குரலைத் தாழ்த்தினார். "காலையில சும்மா ரெண்டு வீசு வீசுனேன். நீங்க பாட்டுக்கு எழுதிக்கிழுதி வச்சிராதீங்க."

ஓவியா எழுதவில்லை. ஆனால் கை கழுவப் போனவர், கொல்லைப்புறத்தில் பூனைக்காக ஒதுக்கிய வால்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தொழில் புத்தி. பையிலிருந்த மரபுமானியை எடுத்து ஒரு வாலை நறுக்கி வைத்தார். திரையில் விழுந்த கோலத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த வாலை வைத்தார். வேறு கோலம். மூன்றாவது இன்னொரு கோலம். பூனை பொறுமை இழந்து கத்தியது.

"அக்கா," என்றார், திரும்பி வந்து. "எங்க ஜெகதீஷ் வந்து மீன் கேட்டாரே, அவருக்கு எந்த மீனைக் கொடுத்தீங்க?"

"ரேஷன் மீனத்தான்."

"ஏன்?"

"ஏன்னா? ஓசியில கேட்டாரு. ஆபீசரு ஓசியில கேட்டா, ஏலத்துக்குப் போற மீனயா எடுத்துக் கொடுப்பாங்க?"

மீனை வெட்டுவதற்குக் கத்தி வாங்க நிதி இருந்தது. மீன் வாங்க நிதித் தலைப்பே இல்லை. ஆகவே ஜெகதீஷ் எல்லா ஊரிலும் கையை நீட்டித்தான் மீன் வாங்கினார்.

"மத்த ஊர்க்காரங்க?"

"அவங்களும் அதத்தான் கொடுத்திருப்பாங்க."

"எல்லாரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"இதுக்கெல்லாம் பேசி வைக்கணுமா டாக்டரம்மா? அவங்கவங்களுக்கு அறிவு இருக்குல்ல."

ஓவியா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவருடைய குப்பிகளில் வந்தது கழி அல்ல, ரேஷன் கடை. அன்ன மீனின் கோலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கோலம் நிறுவனத்தின் வணிக ரகசியம். அதை மரபுமானியில் வைத்தால் சிறை. தெரியாமல் வைத்தவர்களுக்கு விருது என்பது மட்டும் இன்னும் சட்டத்தில் எழுதப்படவில்லை.

அவருக்கு ஒரு பக்கம் வெட்கம், இன்னொரு பக்கம் சந்தோஷம். கழி நன்றாக இருக்கிறது! தடையை எடுத்துவிடலாம், இவர்கள் நாளைக்கே வலை விடலாம். அந்தச் சந்தோஷத்தோடு இரவு வண்டியில் சென்னை போய், இயக்குநர் முன் நின்றார்.

"சார், என் அறிக்கை தப்பு."

"தப்பா இருக்க முடியாது டாக்டர். அமைச்சரவை ஏத்துக்கிட்டாச்சு."

ஓவியா நடந்ததைச் சொன்னார். இயக்குநர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்ல செய்திதான்," என்றார். "பன்மை இருக்குன்னு சொல்றீங்க. திட்டம் அறிவிச்ச உடனேயே பன்மை திரும்ப ஆரம்பிச்சிடுச்சுன்னு ஒரு குறிப்பு கொடுங்க. அமைச்சர் மகிழ்ச்சி அடைவார்."

"சார், பன்மை போகவே இல்லை!"

"போகாததை மீட்கத் திட்டம் போட்டோம்னு எப்படிச் சொல்றது? குஞ்சு விடறதுக்கு நாள் குறிச்சாச்சு. பந்தல் போட்டாச்சு."

"என்ன குஞ்சு?"

"மடவைக் குஞ்சு. பல லட்சம். கழி நிரம்பிடும்."

"யாருகிட்ட வாங்கறீங்க?"

"மடவைக் குஞ்சு வச்சிருக்கிறது நாட்டிலேயே ஒரே நிறுவனம்தானே."

"அது அன்ன மீன் சார். ஒரே மீனோட நகல். பன்மையை மீட்க ஒரே மீனை விடறதா?"

"ஒண்ணா விடறோம்? பல லட்சம் விடறோம் டாக்டர். பல லட்சம் பன்மை இல்லையா?"

"எல்லாமே பெண் மீன் சார். தன் இனத்துக்குள்ள குஞ்சே பொரிக்காது. தீனியைத் தின்னு தீர்த்துட்டு, கழி மீனை விரட்டிட்டு, அதுவும் ஒருநாள் செத்துப்போகும்."

"அதனாலதான் ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதிரி போட்டிருக்கு," என்றார் இயக்குநர், குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு கொஞ்சம் இரங்கி, "உங்களுக்கு மறுப்பு இருந்தா புது மாதிரிகளோட எழுதிக் கொடுங்க" என்றார்.

புது மாதிரிகளுக்கு மீன் பிடிக்க வேண்டும். தடைக்காலத்தில் ஆராய்ச்சிக்கும் மீன் பிடிக்கக் கூடாது. ஓவியாவின் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஓவியாவே பரிந்துரைத்தது அது. மிச்சமிருந்தது தர்ஷினி ஒருவர்தான். ஓவியா மறுபடி நண்டுத்திட்டுக்கு ஓடினார். நடந்ததை அப்படியே வாக்குமூலமாகக் கொடுக்கும்படி கேட்டார்.

"வெளையாடுறீங்களா?" என்றார் தர்ஷினி. "ரேசன் மீன ஆபீசருக்குக் கொடுத்தேன்னு சொன்னா அட்டையப் புடுங்குவான். கழி மீனு சமைச்சேன்னு சொன்னா படகப் புடுங்குவான். என்கிட்ட இருக்கறதே அந்த ரெண்டுதான்."

"சொல்லலைன்னா கழி போயிடும் அக்கா. அவங்க விடப்போறது ரேஷன் மீனு."

தர்ஷினி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "கழியிலயா? அந்தச் சோப்பயா?" வெளியே படகுகள் கவிழ்ந்து கிடந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நான் ஒரு உசுரு மீனக் கொண்டாந்து மந்திரிக்கு முன்னாடி வச்சிர்றேன். அதுக்கு மேல நீங்கதான் பேசணும். கைவிட்டுறாதீங்க டாக்டரம்மா."

"நான் இருக்கேன் அக்கா," என்றார் ஓவியா. மனதாரத்தான் சொன்னார்.

விழா நாளில் கழிக்கரை முழுக்கப் பந்தல். பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் ஒரே அளவில், ஒரே பக்கமாகத் தலை வைத்து மிதந்தன. அமைச்சர் முதல் பையைக் கையில் எடுத்தபோது தர்ஷினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தலையில் அலுமினியக் குண்டானோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றார். குண்டானுக்குள் ஒரு மடவை உயிரோடு சுழன்றுகொண்டிருந்தது.

"ஐயா, இது எங்க கழி மீனு! உங்க குஞ்சு வேணாம். எங்களுக்கு மீனு இருக்கு."

காவலர்கள் நெருங்குவதற்குள் ஓவியா மேடையிலிருந்து இறங்கி ஓடினார். "ஐயா, ஒரு நிமிஷம். இதைப் பரிசோதிச்சுக் காட்டறேன்." ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே வாலை நறுக்கி மரபுமானியில் வைத்தார். பெரிய திரையில் கோலம் விரிந்தது. அறிக்கையிலிருந்த கோலத்தோடு அதற்கு ஒரு இழைகூட ஒட்டவில்லை. கூட்டம் கைதட்டியது. எதற்கென்று தெரியவில்லை, விழாவுக்கு வந்தவர்கள் எதற்கும் தட்டுவார்கள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் அமைச்சர்.

ஓவியா வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார்.

"ஐயா, சேத்துக்கழி மீனுக்கு ஒரே கோலம்தான்னு டாக்டர் அம்மாவோட அறிக்கையே நிரூபிச்சிருக்கு. இந்த மீன் அதோட ஒத்துப்போகலை. அப்படின்னா இது சேத்துக்கழி மீனே இல்லை. வெளியிலிருந்து ஊடுருவின மீன். நம்ம மீன் ஏன் நலிஞ்சுபோச்சுன்னு இப்பத்தான் புரியுது!"

கூட்டத்தில் ஒரு "ஆ" எழுந்தது. ஒருவன் என்று ஆகிவிட்ட இடத்தில் இரண்டாவது ஆள் வந்தால் அவன் அந்நியன்தான். அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அமைச்சர் சிவந்த முகத்தோடு அந்த மடவையைப் பார்த்தார். ஓவியா கத்தினார்: "ஐயா, என் அறிக்கைதான் தப்பு! மீன் தப்பில்லை!" ஒலிபெருக்கி அதற்குள் நன்றியுரைக்குப் போய்விட்டது. நாதஸ்வரம் எழுந்தது, குஞ்சுப் பைகள் ஒவ்வொன்றாகக் கழியில் கவிழ்ந்தன. மடவையைக் காவலர் ஒருவர் அவசரமாகத் தோண்டிய சுண்ணாம்புக் குழியில் போட்டார். வெளிமீன் தண்ணீரில் கலந்துவிடக் கூடாதல்லவா. தர்ஷினியின் மேல் வெளிமீன் கடத்திய வழக்கு. அட்டையும் போயிற்று, படகும் போயிற்று. ஜீப்பில் ஏறும்போது தர்ஷினி ஓவியாவைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு நடந்ததுதான் திட்டத்தின் உண்மையான வெற்றி. கழிக்குள் ஊடுருவிய வெளிமீன்களைக் களைய வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. பிடித்துக் கொடுப்பவர்களுக்குச் சன்மானம். அதற்கு மட்டும் தடை தளர்த்தப்பட்டது. ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு மரபுமானி வந்தது. கோலம் ஒத்துப்போனால் திரும்ப நீரில் விடவேண்டும். ஒத்துப்போகாததைச் சுண்ணாம்புக் குழியில் போட வேண்டும். மாதக்கணக்கில் அடுப்பு எரியாத ஊர்கள் கழிக்குள் இறங்கின. அலையாத்தி வேர்களுக்கு நடுவே எந்த மீன் எப்போது ஒதுங்கும் என்று பரம்பரையாகத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒன்று தப்பவில்லை. குறிப்பிட்ட அளவு வெளிமீன் கொடுத்தால் அட்டையும் படகும் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னதால் தர்ஷினியும் வலை வீசினார். மற்றவர்களைவிட அதிகமாகவே பிடித்தார் என்று பேசிக்கொண்டார்கள்.

ஓவியா மறுப்பு மேல் மறுப்பு எழுதினார். எல்லாம் பரிசீலனையில் இருந்தன. அவரை வாஸ்து மீன் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எந்த மீனைக் கிழக்கு மூலையில் வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று பொதுமக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. உள்ளே இருந்தால் என்றைக்காவது ஏதாவது செய்ய முடியும் என்று நம்பினார். எல்லாரும் அப்படித்தான் நம்பி ஓய்வு வயதைத் தொடுகிறார்கள்.

சில வருஷம் கழித்து, திட்டத்தின் பலனை அளக்க மறு ஆய்வு வேண்டுமென்று உத்தரவு வந்தது. பழைய ஆய்வைச் செய்தவரே செய்ய வேண்டும் என்பது விதி. ஓவியா இந்த முறை ஜெகதீஷை அனுப்பவில்லை. தன் கைக்காசைப் போட்டுப் படகு பிடித்து, கழி முழுக்கத் தானே சுற்றினார். தானே வலையிலிருந்து மீன் எடுத்து, தானே வாலை நறுக்கினார். வைத்த இடமெல்லாம் அதே கோலம். எங்காவது ஒரு முடுக்கில் ஒன்றாவது தப்பியிருக்கும் என்ற நப்பாசையோடு கடைசியாக நண்டுத்திட்டில் இறங்கினார்.

தர்ஷினி கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். தடை நீங்கி, படகும் திரும்பக் கிடைத்திருந்தது. மீனுக்குத்தான் விலை இல்லை. ரேஷனில் சும்மா கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஓவியாவைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுவே ஓவியாவுக்குப் பெரிதாக இருந்தது.

"என்னை மன்னிச்சிருங்க அக்கா."

"நீங்க என்னா பண்ணுவீங்க. அன்னிக்கு அந்த மனுசன் கேட்டப்பவே நல்ல மீனா ஒண்ணு கொடுத்திருந்தா இவ்வளவும் வந்திருக்காது. கருமித்தனம் பண்ணிட்டோம்." தர்ஷினி குனிந்து, வலையில் இருந்ததிலேயே பெரிய மடவையைத் தேடி எடுத்தார். தண்ணீரில் அலசி, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "இந்தாங்க. இப்பப் புடிச்சது. கழியில என் கையால புடிச்சது. இத வச்சுப் பாருங்க."

ஓவியா வைத்துப் பார்த்தார். இருவரும் திரைக்கு முன்னால் தலையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கோலம் மெல்ல விழுந்து முடிந்தது.

"வேறயா இருக்கா?" என்றார் தர்ஷினி.

"இல்லக்கா."

அறிக்கையில் இருந்தது இப்போது கழியிலும் இருந்தது. இயக்குநருக்குச் செய்தி அனுப்பிய உடனே வாழ்த்து வந்தது. வருமுன் கண்ட விஞ்ஞானி என்று ஓவியாவின் பெயரை விருதுக்கு அனுப்பப் போகிறார்களாம். அவர் மரபுமானியைப் பைக்குள் வைத்தார். மீனைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் செவுள் விரிந்தது. உள்ளே, சிவப்புக்கு நடுவில், அரிசி நொய் அளவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"இது என்னக்கா?"

தர்ஷினி எட்டிப் பார்த்தார். "அதுவா? நாலஞ்சு நாளா இருக்கு."

"இந்த மீன்லயா?"

"எல்லா மீன்லயுந்தான்."